மாடல் விமானம் உடையாம ஊர் போய்ச் சேரணுமா? புளியறையிலிருந்து ஒரு பேக்கிங் பாடம்

"யக்கா... றெக்கை ஒடிஞ்சிட்டு!"

சென்னை ஹாஸ்டலிலிருந்து சித்தி பையன் போனில் சொன்னது இவ்வளவுதான். பின்னாடியே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. 140 சென்டிமீட்டர் நீளமான பால்சா மர இறக்கை, நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. புளியறை வீட்டு மச்சில் உட்கார்ந்து மூன்று மாதம் ஒட்டி ஒட்டிச் செய்த விமானம் அது. மறுநாள் காலையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதை பேக் செய்தது நான்தான் என்பதால், இன்றுவரைக்கும் அந்த போட்டோவை போனிலிருந்து அழிக்க மனசு வரவில்லை.

பபிள் ரேப் சுற்றினேன். தெர்மாகோல் வைத்தேன். பெட்டியின் ஆறு பக்கமும் 'உடையும் பொருள்' என்று சிவப்பு மார்க்கரில் எழுதினேன். நம்மில் பெரும்பாலானவர்கள் செய்வதும் இதைத்தான். ஆனால், இந்த மூன்றுமே விமானத்தைக் காப்பாற்றாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஏரோமாடலிங் பழகுகிறவரா நீங்கள்? கல்லூரி டீமில் இருக்கிறீர்களா? ஷோகேஸில் வைக்கும் குட்டித் தேஜஸை நண்பனுக்குப் பரிசாக அனுப்பப் போகிறீர்களா? யாராக இருந்தாலும், எங்கள் வீட்டில் இறக்கை கொடுத்துக் கற்ற பாடம் உங்களுக்கு இலவசம்.

பறக்கிற விமானம் பெட்டிக்குள் ஏன் உடையுது?

வானத்தில் குட்டிக்கரணம் அடித்தும் உடையாத விமானம், வேனில் படுத்துக்கொண்டே போகும்போது உடைகிறது. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பறக்கும்போது இறக்கையின் மேல் விழும் சுமை அதன் பரப்பு முழுவதும் பரவி இருக்கும். உள்ளே ஓடும் ஸ்பார் என்கிற முதுகெலும்பு அந்தச் சுமையை வாங்கி நடு உடலுக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் லேசான இறக்கை, ஒன்றரை கிலோ விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது.

பெட்டிக்குள் கதையே வேறு. மேலே ஒரு அரிசி மூட்டை வந்து உட்கார்ந்தால், அதன் மொத்த எடையும் எங்கேயோ ஒரு புள்ளியில் இறங்கும். அந்தப் புள்ளி இரண்டு விலா மரங்களுக்கு நடுவே இருந்தால் மேலே ஒட்டிய ஃபிலிம் கிழியும். பின் ஓரத்தில் இருந்தால் மரம் நொறுங்கும். பெட்டி மூலையில் இடித்தபடி விழுந்தால், மூக்கில் இருக்கும் மோட்டார் தன் எடையால் முன்பக்கப் பலகையையே பிய்த்துக்கொண்டு வரும்.

ஆகவே, மெத்து மெத்தென்று எதையாவது சுற்றினால் போதாது. விமானத்தில் வலுவான இடங்கள் எவை என்று பார்த்து, அந்த இடங்களில் மட்டும் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மற்ற இடங்களை எதுவும் தொடவே கூடாது. முட்டை அட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு முட்டைக்கும் தனிக்குழி, ஒன்றோடு ஒன்று உரசாது. எங்கள் ஊர் செக்போஸ்ட் வழியாகக் கேரளா போகும் லாரிகளைச் சின்ன வயசிலிருந்து வேடிக்கை பார்த்தவள் நான். இது தோணாமல் போனதுதான் வெட்கம்.

விமானத்துக்கு முன்னாடி பெட்டி

நிறைய பேர் விமானத்தை முடித்துவிட்டு அப்புறம்தான் பெட்டி தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். இறக்கையை வெட்டுவதற்கு முன்பே, இது எந்தப் பெட்டியில், எந்த வண்டியில் போகப் போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 1986-லிருந்து நடக்கும் 'எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன்' போட்டிக்கு நம்மூர் கல்லூரி டீம்களும் போகின்றன. அதன் மைக்ரோ பிரிவில் விமானத்தைப் பெட்டிக்குள் அடக்குவதே விதியாக இருந்தது. சில வருடங்கள், முழு விமானத்தையும் ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு குழாய்க்குள் அடக்கிக் கொண்டுவர வேண்டும் என்றே கேட்டார்கள். அங்கே பேக்கிங் என்பது டிசைனில் ஒரு பகுதி.

நமக்கு அந்த விதி இல்லை. ஆனால், கூரியர் பில் இருக்கிறது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்குப் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். இதில் வரும் எண்ணும் நிஜ எடையும் ஒத்துப்போகாவிட்டால், எது அதிகமோ அதற்குத்தான் காசு.

தம்பியின் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிக்காமல் அப்படியே வைக்க 145 x 95 x 35 பெட்டி வேண்டும். கணக்குப்படி 96 கிலோ! உள்ளே இருப்பதோ ஒன்றரை கிலோ. இறக்கையை இரண்டாகப் பிரித்து, வாலைக் கழற்றினால் 98 x 40 x 25 பெட்டி போதும். கணக்கு 20 கிலோவுக்குள் வந்துவிடும்.

அந்த 98 x 40 x 25 சும்மா வந்த அளவில்லை. ரயில் பெட்டிக்குள் பயணி தன் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு ரயில்வே சொல்லும் அதிகபட்ச அளவு 100 x 60 x 25 சென்டிமீட்டர். அதற்குள் அடங்குகிற மாதிரி திட்டமிட்டது அது. ஆனால் ஏ.சி. மூன்றடுக்கிலும் சேர் காரிலும் 55 x 45 x 22.5 மட்டும்தான். விமானத்தோடு போகிறவர்கள் ஸ்லீப்பரில் டிக்கெட் எடுப்பது நல்லது. காசும் மிச்சம்.

எங்களுடைய முதல் இறக்கை ஒரே துண்டு. அதுதான் முதல் தப்பு. இரண்டாவது தடவை தம்பி இரண்டு 70 சென்டிமீட்டர் துண்டுகளாகச் செய்து, நடுவில் கார்பன் குழாயால் இணைத்தான். கொஞ்சம் எடை கூடியது. பரவாயில்லை.

எதையெல்லாம் கழற்றணும்?

கழற்றுவதற்கு முன்னால் போனை எடுத்து, எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். எந்த ஒயர் எந்தச் சேனலில் இருக்கிறது, கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். போட்டி மைதானத்தில் பதற்றத்தோடு பூட்டும்போது இதுதான் கை கொடுக்கும். ஒருவேளை வழியில் உடைந்தால், இழப்பீடு கேட்கும்போதும் இதுதான் ஆதாரம்.

முதலில் பேட்டரி, அப்புறம் புரொப்பெல்லர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேட்டரி மாட்டியிருக்கும்போது மோட்டார் தப்பித்தவறி சுற்றினால் விரல் போய்விடும். பிறகு இறக்கை, வால், சக்கரங்கள். கழற்றிய நட்டு, போல்ட்டையெல்லாம் ஒரு ஜிப் லாக் கவரில் போட்டு, அந்தக் கவரைப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டிவிடுங்கள். விமானத்தின் மேல் ஒட்டக் கூடாது. பெட்டிக்குள் தனியாக உருளும் ஒரே ஒரு போல்ட் போதும், பயணம் முழுக்க இறக்கையைக் குத்திக்கொண்டே வரும்.

இறக்கையில் அசையும் பாகங்களான எய்லரானை உங்கள் கையால் மேலும் கீழும் திருப்பிப் பார்க்காதீர்கள். அதை இழுக்கும் 9 கிராம் சர்வோவுக்குள் இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம். பெட்டிக்குள் ஏதாவது அழுத்தினாலும் இதே கதிதான். இழுக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் ஒரு மெல்லிய அட்டைப் பட்டையைக் கிளிப் மாதிரி வைத்து அசையாமல் பிடித்துவிடுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். உரிக்கும்போது ஃபிலிமும் சேர்ந்து வரும். பெயின்ட்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப், அதுவும் ஒட்டியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும்.

இன்னொரு விஷயம், பபிள் ரேப்பை விமானத்தின் மேல் நேரடியாகச் சுற்றக் கூடாது. புதுப் பெயின்ட்டின் மேல், வெயிலில் நிற்கும் வேனுக்குள், அந்தக் குமிழ்கள் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிடும். முதலில் மெல்லிய காட்டன் துணியோ டிஷ்யூ பேப்பரோ சுற்றுங்கள். பழைய பருத்தி வேட்டி அருமையாக இருக்கும்.

தொட்டில் கட்டலாம் வாங்க

இதுதான் முக்கியமான வேலை. ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்.

நல்ல பெட்டிக்கு எங்கே போவது? பக்கத்து டவுனில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போங்கள். தென்காசியில் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். எல்.இ.டி. டி.வி வந்த பெட்டி நீளமாக, ஒல்லியாக, கெட்டி அட்டையில் இருக்கும். விமானத்துக்கென்றே செய்தது மாதிரி. வேண்டிய அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். வெட்டும்போது, அட்டைக்குள் தெரியும் நெளி நெளியான வரிகள் செங்குத்தாக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது அந்த வரிகள்தான். படுக்கையாக வெட்டினால் பெட்டி அப்பளம்.

டி.வி பெட்டியில் இன்னொரு லாபமும் உண்டு. நெதர்லாந்தின் வேன்மூஃப் என்ற சைக்கிள் கம்பெனிக்கு, அனுப்பும் சைக்கிள்கள் எல்லாம் வழியில் அடிபடுவது பெரிய தலைவலியாக இருந்தது. 2016 வாக்கில், பெட்டியின் மேல் ஒரு டி.வி படத்தை அச்சடித்து அனுப்பிப் பார்த்தார்கள். சேதம் 70 முதல் 80 சதவிகிதம் குறைந்துவிட்டதாக அவர்களே சொன்னார்கள். 'உடையும் பொருள்' என்று எழுதினால் மதிக்காத கைகள், டி.வி என்றால் மரியாதை கொடுக்கின்றன! நமக்கு அச்சடிக்கும் செலவுகூட இல்லை. ஆனால், பில்லில் உள்ளே இருப்பது மாடல் விமானம் என்று உண்மையைத்தான் எழுத வேண்டும்.

இப்போது தொட்டில். இரண்டு அங்குல ஈ.பி.ஈ. ஃபோம் ஷீட் வாங்குங்கள். ஃபிரிட்ஜ், டி.வி மூலைகளில் வெள்ளையாக, அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்பி வருமே, அதுதான். தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கினால் அப்படியே கிடக்கும். அடுத்த அடிக்கு அங்கே பஞ்சு இல்லை, வெறும் பள்ளம்தான். ஃபோமிலிருந்து நான்கு துண்டுகள் வெட்டி, இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் குடைந்துகொள்ளுங்கள். இறக்கை செய்யும்போது பயன்படுத்திய விலா மரத்தின் டெம்ப்ளேட் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு இறக்கைத் துண்டுக்கும் இரண்டு தொட்டில். ஒன்று இறக்கையின் அடிப்பகுதிக்கு அருகில், இன்னொன்று நுனிப்பக்கமாக மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. இரண்டும் சரியாக ஒரு விலா மரத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இரண்டு விலாவுக்கு நடுவில் வெறும் ஃபிலிம்தான், அங்கே எதுவும் படக் கூடாது.

இறக்கையின் முன் ஓரத்துக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஏ.சி மெக்கானிக் கடைகளில் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஃபோம் குழாய் கிடைக்கும். நீளவாக்கில் கீறி, முன் ஓரத்தில் அப்படியே மாட்டிவிடுங்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும்.

உடல் பாகம், அதாவது ஃபியூசலேஜ், பெட்டியின் அடியில் போகட்டும். மோட்டார் இருக்கும் மூக்குப் பலகைக்குப் பின்னால் ஒரு தொட்டில், இறக்கை உட்காரும் இடத்தில் ஒரு தொட்டில். வால் அந்தரத்தில் நிற்கலாம், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. இதன்மேல் நேரடியாக இறக்கைகளை அடுக்கக் கூடாது. பெட்டியின் பக்கச் சுவர்களில் அட்டைத் துண்டுகளை ஒட்டி, அதன்மேல் ஒரு தட்டு மாதிரி இன்னொரு அட்டையை உட்கார வையுங்கள். இறக்கைகள் அந்தத் தட்டின் மேல். இப்படிச் செய்தால் கீழே இருப்பதன் பாரம் மேலே இருப்பதற்கும், மேலே இருப்பதன் பாரம் கீழே இருப்பதற்கும் போகாது. பெட்டியைத் தலைகீழாக வைத்தாலும் கவலையில்லை. வைப்பார்கள், நம்புங்கள்.

எல்லாச் சுவரிலிருந்தும் குறைந்தது நாலு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மூடிவிட்டு, பெட்டியைத் தூக்கி ஆட்டுங்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் திறந்து சரி செய்யுங்கள். தைரியம் இருந்தால் இன்னொரு பரீட்சையும் உண்டு. விமானத்துக்குப் பதில் அதே எடைக்கு ஒரு பழைய மரத்துண்டை உள்ளே வைத்து, முழங்கால் உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி போட்டுப் பாருங்கள். தம்பி மூன்று தடவை போட்டான். முதல் தடவை தொட்டில் பெயர்ந்துவிட்டது. நல்லவேளை, வீட்டிலேயே தெரிந்தது.

ரைட் சகோதரர்களுக்கும் இதே பஞ்சாயத்து!

பேக்கிங்கில் கோட்டை விட்டதற்காக நான் ரொம்ப நாள் குற்ற உணர்ச்சியில் இருந்தேன். அப்போதுதான் இந்தக் கதையைப் படித்தேன். 1907-ல் ரைட் சகோதரர்கள் தங்கள் ஃபிளையர் விமானம் ஒன்றைப் பாகம் பாகமாகப் பிரித்து, பெட்டிகளில் அடைத்து, கப்பலில் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். லே ஆவ்ர் துறைமுகத்தின் சுங்கக் கிடங்கில் அது ஏறக்குறைய ஒரு வருடம் கிடந்தது. 1908 ஜூனில் லே மான் நகரில் வில்பர் பெட்டிகளைத் திறந்தால், உள்ளே எல்லாம் குப்பை மாதிரிக் கிடக்கிறது. விலா மரங்கள் உடைந்து, துணி கிழிந்து, ரேடியேட்டர்கள் நசுங்கி... கோபத்தில் அமெரிக்காவில் இருந்த தம்பி ஆர்வில்லுக்கு, இப்படியா பேக் செய்வாய் என்று காட்டமாகக் கடிதம் எழுதிவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது, தப்பு ஆர்வில்லுடையது இல்லை. சுங்கத்தில் சோதனைக்காகப் பெட்டிகளைத் திறந்தவர்கள், எல்லாவற்றையும் திரும்ப உள்ளே ஏனோதானோ என்று திணித்திருக்கிறார்கள். வில்பர் வாரக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்த்து, ஆகஸ்ட் 8-ம் தேதிதான் லே மான் பக்கத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் பறந்தார். ஐரோப்பாவே வாயைப் பிளந்தது.

இதில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பெட்டியை வழியில் யாராவது திறக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கம், விமானத்தில் போனால் பாதுகாப்புச் சோதனை. அதனால், நீங்கள் இல்லாமலே இன்னொருவர் திறந்து, அதேபோல மூடும்படி பேக் செய்யுங்கள். மூடியின் உட்புறம், எது எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் போட்டோவை பிரின்ட் எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் அம்புக்குறியும் நம்பரும் போடுங்கள். உள்ளே ஒரு சின்ன டேப் ரோலும் வையுங்கள்.

2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி-யின் 'தக்‌ஷா' டீம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது ஞாபகம் இருக்கா? நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த அதே டீம். அந்தச் செய்தி வந்தபோது நானும் ஸ்டேட்டஸ் போட்டேன். இப்போது அதே செய்தியைப் பார்த்தால், அந்த மெஷினை அவ்வளவு தூரம் ஒடியாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே என்றுதான் முதலில் தோன்றுகிறது.

சாரல் நல்லதுதான், பால்சாவுக்கு இல்லை

புளியறை, ஆரியங்காவு கணவாயின் வாசலில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் குற்றாலத்துக்குச் சீசன், எங்களுக்குச் சாரல். காயப்போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. இந்த ஈரம் பால்சாவுக்கு எதிரி. இது ஸ்பான்ஜ் மாதிரியான மரம். ஈரத்தைக் குடிக்கும், ஒரு பக்கம் அதிகம் குடித்தால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையோடு விமானத்தைப் பறக்கவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். மேலே ஒட்டிய ஃபிலிம் தொய்ந்தால் அயர்ன் பாக்ஸ் வைத்து இழுத்துவிடலாம். மர முறுக்கலைச் சரி செய்வது கொடுமை.

அட்டைப்பெட்டிக்கும் ஈரம் ஆகாது. நமத்துப்போன அட்டை தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். வெளியே பார்த்தால் பெட்டி மாதிரியே இருக்கும், மேலே நாலு பார்சல் ஏறினால் உட்கார்ந்துவிடும்.

அதனால், சாரல் இல்லாத நாளில், ஃபேன் ஓடும் காய்ந்த அறையில் பேக் செய்யுங்கள். ஈரக் காற்றை உள்ளே அடைத்து சீல் வைத்தால் மூடியே பிரயோஜனமில்லை. புது ஷூ, ஹேண்ட்பேக்கில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து, ஏழெட்டை உள்ளே போடுங்கள். பெட்டியின் உட்புறம் ஒரு பெரிய பாலிதீன் உறை, வெளிப்புறம் இன்னொன்று.

கிராமத்தில் ஒரு ஐடியா உடனே வரும். வைக்கோல்! எங்கள் சித்தியும் சொன்னார்கள். மண் பொம்மைக்கும் மாம்பழத்துக்கும் வைக்கோல் சரிதான். ஆனால் அதில் ஈரமும் பூச்சியும் தூசியும் இருக்கும், மோட்டாருக்குள் ஒரு துரும்பு போனாலே வம்பு. அன்போடு மறுத்துவிடுங்கள்.

பேட்டரியும் எரிபொருளும்: இதில் விளையாடாதீங்க

ஆர்.சி விமானங்களில் இருக்கும் லித்தியம் பாலிமர் பேட்டரி, நசுங்கினாலோ துளை விழுந்தாலோ தீப்பிடிக்கும். அது இருக்கும் பெட்டி மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் எல்லாப் பார்சலும் சேர்ந்து எரியும். தனியாக வரும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் உலக அளவில் தடை இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பார்சல் சாலையில் போகிறதா, விமானத்தில் போகிறதா என்பது உங்கள் கையில் இல்லை. எனவே, பேட்டரியைச் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது பெரிய தப்பு.

கையோடு கொண்டுபோவதுதான் வழி. விமானத்தில் பறப்பவர்கள் உதிரி பேட்டரியைக் கேபின் பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பையில் கூடாது. 100 வாட் ஹவர் வரை பொதுவாகப் பிரச்னையில்லை. 100 முதல் 160 வரை என்றால் ஏர்லைன்ஸிடம் அனுமதி வாங்க வேண்டும். கணக்கு சுலபம். வோல்ட்டேஜையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்கள். தம்பி பயன்படுத்திய மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் ஹவர். 11.1-ஐ 2.2-ஆல் பெருக்கினால் சுமார் 24 வாட் ஹவர்.

முழு சார்ஜில் எடுத்துப் போகாதீர்கள். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு மோடு இருக்கும். அதில் போட்டால் செல் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் நிற்கும். முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, தீத்தடுப்புப் பையில் போடுங்கள். உப்பிப்போன பேட்டரி என்றால் பயணமே வேண்டாம்.

இன்ஜின் விமானம் வைத்திருப்பவர்களுக்கு: மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளை எந்த வழியிலும் அனுப்பக் கூடாது. ரயிலில் இதுபோன்ற ஆபத்தான பொருளைக் கொண்டுபோனால், ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. டேங்கைக் காலி செய்து, காயவிட்டுத்தான் பேக் செய்யணும்.

எதில் அனுப்பலாம்?

பெட்டியை எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறார்கள் என்பதுதான் என் ஒரே அளவுகோல். கிலோமீட்டர் முக்கியமில்லை. கூரியர் என்றால் தென்காசியில் ஒரு தடவை, நடுவில் ஏதாவது பெரிய ஊரில் ஒரு தடவை, சென்னை கிடங்கில் ஒரு தடவை, அப்புறம் டெலிவரி பைக். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு தடவை விழ வாய்ப்பு உண்டு. பஸ் பார்சல் என்றால் பெரும்பாலும் ஏற்றுவது ஒரு தடவை, இறக்குவது ஒரு தடவை. ஆனால், டிக்கியில் மேலே என்ன வைக்கிறார்கள் என்பது டிரைவர் அண்ணனின் மனசு. ஏற்றும்போது பக்கத்தில் நின்று, "அண்ணே, இது மட்டும் மேல இருக்கட்டும்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஸ்டிக்கரைவிடவும் அது வேலை செய்யும்.

தபால் என்றால் இன்ஷூரன்ஸ் வசதியைக் கேட்டு வாங்குங்கள். தனியார் கூரியரில் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். மதிப்பை அறிவிக்காமல் அனுப்பினால், கிடைக்கும் இழப்பீடு பசை வாங்கக்கூடக் காணாது. எங்களுக்கு அதுதான் நடந்தது. மூன்று மாத உழைப்புக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். மரம், மோட்டார், சர்வோ, ரிசீவர் எல்லாவற்றின் பில்லையும் ஒரு போட்டோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் அந்தத் தொகையையாவது எழுதலாம்.

நேரம் இருந்தால் கையோடு கொண்டுபோவதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எங்களுக்குச் செங்கோட்டையில் பொதிகை இருக்கிறது. மாலையில் ஏறினால் காலையில் சென்னை. அப்பர் பெர்த் எடுங்கள். பெட்டி மேலே, நீங்களும் மேலே. கால் நீட்ட முடியாது, அவ்வளவுதான்.

ஷோகேஸ் விமானங்களுக்கு

பறக்காத பிளாஸ்டிக், டைகாஸ்ட் மாடல்களுக்கு அளவுப் பிரச்னை இல்லை. 13.2 மீட்டர் தேஜஸ், 1:72 அளவில் 18 சென்டிமீட்டர்தான். ஆனால் மூக்கில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், ஆன்டெனா, சக்கரக் கால்கள் எல்லாம் மூச்சு பட்டாலே ஒடியும். இதற்கு டிஷ்யூவைத் திணித்து அடைப்பது ஆபத்து, எடுக்கும்போது ஆன்டெனா அதில் சிக்கிக்கொண்டு வரும். இறக்கைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஃபோம் துண்டுகளில் உடல் உட்காரும்படி பள்ளம் வெட்டி, சக்கரம் தரையில் படாமல் வயிறு மட்டும் தாங்கும்படி வையுங்கள். மேலிருந்தும் அதேபோல இரண்டு துண்டு. ஸ்டாண்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். இந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள், சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் கசக்கிய பேப்பரோடு வைத்தால் போதும்.

போய்ச் சேர்ந்த பிறகு

வாங்குகிறவரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ஒன்று, சீல் பிரிப்பதற்கு முன்பிருந்தே வீடியோ ஓட வேண்டும். இரண்டு, கத்தியை ஆழமாக இறக்கக் கூடாது. பெட்டியைக் கூரியரும் ரயிலும் காப்பாற்றி, கடைசியில் நண்பனின் கட்டர் பிளேடு இறக்கையைக் கிழித்த கதைகள் உண்டு. பூட்டிய பிறகு, இறக்கையைக் கண் மட்டத்தில் பிடித்து முறுக்கல் இருக்கிறதா என்று பார்க்கணும், சர்வோக்களை ஓட்டிப் பார்க்கணும், பேலன்ஸ் புள்ளியை மறுபடி சரிபார்க்கணும். அதுவரை பறக்கவிட வேண்டாம்.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விமானம் ஊருக்குத் திரும்பியாகணுமே! எங்கள் டி.வி பெட்டி பொதிகையில் சென்னை போய், முழுசாகத் திரும்பி வந்து, இப்போது புளியறை வீட்டுப் பரணில் இருக்கிறது. நவராத்திரி கொலு பொம்மைகளைக் கட்டி வைக்க அது வேணும் என்று சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தம்பி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.